முக்கில் தொங்கிய கரமடியும் ரோட்டில் நீந்திய ஓலை மீன்களும்

தை கடைசியில் வலையை இறக்கிச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டாயிற்று. பொங்கலிலிருந்து அது பாளையங்கோட்டையில் மூன்று தெரு கூடுகிற ஒரு முக்கில், ரோட்டுக்கு 21 அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கரையிலிருந்தே இழுத்து மீன் பிடிக்கும் பழைய கரமடி வலை, அதில் பனங்குருத்தோலையில் பின்னிய 340 மீன்கள். வெயில் ஏறியதும் வலையின் நிழல் கீழே தெரியாது. மீன்களின் நிழல் மட்டும் தார் ரோட்டில் அசைந்துகொண்டிருக்கும். பைக்கில் வருகிறவர்கள் காலை ஊன்றி நின்று மேலே பார்ப்பார்கள். “எப்படிக் கட்டினீரு, எவ்வளவு ஆச்சு?” என்று வெளியூர்களிலிருந்தும் விசாரிக்க வந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிரஷ்ஷுக்கு வேலை இல்லாமல் போனதும் பேனர் அடிக்கும் கடை வைத்தேன். தெருவில் ஒன்றை உயரத்தில் கட்டுவது எனக்குப் பழக்கம். அதில் உள்ள பயமும் பழக்கம். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அதற்கப்புறம் எங்கள் தொழிலில் பாதி நின்றுபோனது. நின்றது நியாயம்தான். ஆகவே, தெரு வாசகசாலைப் பிள்ளைகள் வந்து, “பொங்கலுக்கு முக்குல பெருசா ஏதாவது தொங்க விடணும்ணே” என்றபோது முடியாது என்றுதான் முதலில் சொன்னேன்.

அவர்கள் காட்டியது போர்ச்சுகலில் அகெடா என்ற ஊரின் படம். தெரு முழுக்கத் தலைக்கு மேலே கலர் கலராகக் குடைகள். கோடையில் அங்கே நடக்கும் கலைவிழாவுக்கு இப்படிக் கட்டுகிறார்களாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் கையில் பிடித்த குடையே நிற்காத ஊர் இது. அங்கே கட்டியதை இங்கே கட்ட முடியாது, வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர்களில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஜேனட் எகல்மன் என்ற அமெரிக்கச் சிற்பியின் கதையோடு வந்தாள். 1997-ல் அவர் மாமல்லபுரத்துக்கு ஓவியக் கண்காட்சி வைக்க வந்திருக்கிறார். ஊரிலிருந்து அனுப்பிய பெயிண்ட் வந்து சேரவில்லை. கடற்கரையில் மீனவர்கள் வலையைக் குவித்து வைப்பதைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து வலையிலேயே சிற்பம் செய்யத் தொடங்கிவிட்டார். இன்று உலகத்தில் பெரிய பெரிய சதுக்கங்களின் மேல் அவருடைய வலைகள் தொங்குகின்றன. 2015-ல் பாஸ்டன் நகரத்தில் கட்டிய வலை ஏறக்குறைய ஒரு டன் எடை. ஆனால் அது சுற்றியிருந்த கட்டிடங்களை இழுத்த இழுப்பு 100 டன்னுக்கு மேல். அந்தப் பெண் வலையின் அழகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனதில் அந்த ஒன்றும் நூறும்தான் நின்றது. இந்தக் கணக்கு பிடிபட்டால் கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நம் கடற்கரையில் வலைக்கா பஞ்சம்?

வலை உவரியில் கிடைத்தது. கடற்கரை மணலில் கழித்துப் போட்ட கரமடி ஒன்று கிடந்தது. அதன் சொந்தக்காரர் எழுபது வயதுப் பெரியவர். “எதுக்கு தம்பி, கோழிக்கூட்டுக்கா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கிலோ 60 ரூபாய் என்று விலை சொன்னார். பக்கத்தில் தங்கூசி வலை இன்னும் மலிவாகக் கிடந்தது. அதை வாங்காதீர்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த நூல் கீழேயிருந்து நமக்கும் தெரியாது, பறவைக்கும் தெரியாது. மைனாவும் வௌவாலும் மாட்டிச் செத்தால் பாவம் நமக்கு. கரமடியில் இரண்டு பக்கமும் நீளும் கைப்பகுதியின் நூல் தடிமன் 2.5 மி.மீ., கண்ணி இழுத்துப் பிடித்தால் முடிச்சுக்கு முடிச்சு 100 மி.மீ. காக்கைக்கு நன்றாகத் தெரியும்.

24 கிலோவுக்குக் காசு கொடுத்தேன். கழுவிக் காய வைத்து நிறுத்தபோது 19 கிலோ. மிச்சம் 5 கிலோ மணல், சிப்பி, காய்ந்த நண்டு ஓடு, முள். வீச்சம் போக சலவைச் சோடா கரைத்த தொட்டியில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம். மொட்டை மாடியில் காயப் போட்டதும் சுற்றுவட்டாரக் காக்கைகள் அத்தனையும் வந்து இறங்கின. அவை முடிச்சுகளில் இருந்த கருவாட்டுத் துணுக்குகளைக் கொத்தி எடுத்ததில் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். சோடாவை விட அதுதான் சுத்தம்.

சாயம் போட ஆசைப்பட்டு 800 ரூபாய் வீணானது. வலையில் இரண்டு வகை நூல் கலந்திருக்கிறது. நைலான் பகுதி, வினிகர் விட்டுக் கொதிக்க வைத்தால் சாயம் பிடிக்கும். பச்சையும் நீலமுமாக இருக்கும் பாலித்தீன் நூல் எந்தச் சாயத்தையும் பிடிக்காது. அண்டாவில் வேக வைத்ததில் அந்த முடிச்சுகள் இறுகிக்கொண்டதுதான் பலன். எது நைலான், எது பாலித்தீன் என்று முன்னாடியே தெரிந்துகொள்ள ஒரு துண்டு நூலைத் தண்ணீரில் போட்டால் போதும். பாலித்தீன் மிதக்கும், நைலான் முங்கும்.

கிழிசலைத் தைக்க உவரிப் பெரியவரே பஸ் ஏறி வந்தார். என் மதினி அவரிடம் வலை ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் பெரும்பாலான கிழிசலை அவளே முடித்தாள். பெரியவர் கற்றுக்கொடுத்ததில் உருப்படியான ஒரு விஷயம், வலையை ஓரக் கயிற்றில் கோக்கும் அளவு. வலையை நன்றாக இழுத்துப் பிடித்த நீளத்துக்கே கயிறு விட்டால் கண்ணி மூடிக்கொள்ளும், திரித்த துணி மாதிரி ஆகிவிடும். பத்தடி வலையை ஏழடிக் கயிற்றில் கோத்தால் ஒவ்வொரு கண்ணியும் சதுரமாகத் திறக்கும். அந்த அளவில்தான் ஒரே வலை அதிகப் பரப்பை மூடும். அவர் டேப் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாலு கண்ணியை விரலில் எண்ணி எடுத்து, கயிற்றில் ஒரு சாணும் மூன்று விரலும் அளந்து ஒரு முடிச்சு போடுவார். நான் அளந்து பார்த்தேன்: 40 செ.மீ. வலைக்கு 28 செ.மீ. கயிறு. அச்சு அசல் பத்துக்கு ஏழு. இப்படிக் கோத்து முடித்ததும் 10 மீட்டருக்கு 7 மீட்டர் வலை தயார்.

அடுத்தது ஒத்திகை. புரட்டாசியில் தெரிந்தவர் ஒருவரின் நெல் களத்தில் நான்கு கம்பங்கள் நட்டு, 20 அடி உயரத்தில் வலையைக் கட்டினோம். கட்டிக் கொடுத்தவர் பந்தல் தொழிலில் தலை நரைத்த ஒரு அண்ணாச்சி. மாடியில் துணிக்கொடியில் காய்ந்தபோது தரையில் விழுந்த வலை நிழல் அவ்வளவு அழகு, கட்டம் கட்டமாக, கோலம் போட்டது போல. அதே நிழலைத் தெரு முழுக்க விரிப்பதுதான் எங்கள் திட்டம். களத்தில் உச்சி வெயிலில் எல்லாரும் குனிந்து பார்த்தோம். தரை வெறும் தரையாக இருந்தது. 12 மி.மீ. கயிறு மட்டும் ஏதோ அழுக்குக் கோடு போல லேசாகத் தெரிந்தது. “நிழல் எங்கவே? காக்கா தூக்கிட்டுப் போயிட்டா?” என்றார் அண்ணாச்சி.

கல்லூரிப் பெண் அன்று ராத்திரி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, ஒரு வட்டு. அது தன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் எந்த நிழலுக்கும் ஓரம் கலங்கும். எவ்வளவு கலங்கும் என்றால், பொருளுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108-ஆல் வகுத்தால் வரும் அளவு. (அர்ச்சகர்களுக்குப் பிடித்த எண், எங்களுக்கும் உதவியது.) துணிக்கொடி மூன்றடி உயரம், கலங்கல் ஒரு செ.மீ.க்கும் குறைவு, நூல் தெரிந்தது. 20 அடியில் கலங்கல் 5.6 செ.மீ. அதில் 2.5 மி.மீ. நூல் கரைந்து காணாமல் போகிறது. அந்த உயரத்திலிருந்து நிழல் விழ வேண்டுமானால் பொருள் ஒரு கை அகலமாவது இருக்க வேண்டும்.

வலைக்குள் எதையாவது கோக்க வேண்டும் என்று ஆனது. பேனர் துண்டு என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது; எனக்கே அதைத் தொட மனசில்லை. பத்தமடைக் கோரைப் பாயை வெட்டிக் கோக்கலாம் என்று ஒருவன் சொன்னான். விலையைக் கேட்டுவிட்டு அவனே விட்டுவிட்டான். மீன் என்று சொன்னது மதினிதான். பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குக் குருத்தோலை மடிக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குருத்தோலை ஞாயிறு வந்தால் சிலுவை, கிளி, மீன் என்று கோயில் வாசலிலேயே மடித்துத் தள்ளுவார்கள்.

முதலில் அவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒற்றை ஓலை மீன், 5 செ.மீ. அகலம். கம்பில் கட்டி 20 அடிக்கு உயர்த்திப் பார்த்தால் தரையில் ஒரு சாம்பல் திட்டு. மீன் என்று சொன்னால்தான் மீன். பிறகு இரண்டு ஓலையில் ஈர்க்கை நீக்கி, நான்கு வாராக்கி, பாய் பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி 13 செ.மீ. அகலத்துக்கு உடம்பு வந்தது. வால் பகுதியை விரிய விட்டோம். அதை உயர்த்தியதும் தரையில் தெளிவாக ஒரு மீன்; ஓரம் மட்டும் கொஞ்சம் கலங்கி, தண்ணீருக்குள் கிடப்பது போலவே இருந்தது. கலங்கலே நமக்குச் சாதகமாகிவிட்டது. வலை கண்ணுக்குத் தெரியும், நிழலில் தெரியாது. மீன் மட்டும் தப்பித்துத் தரைக்கு வந்துவிடும். இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

குருத்து 12 மரத்தில் 12 எடுத்தோம். ஒரே மரத்தில் இரண்டு எடுத்தால் மரம் வாடும் என்று ஏறியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு குருத்து 100 ரூபாய். பச்சை மீன் ஒன்று 35 கிராம். 340 மீனுக்கு 12 கிலோ. வலையும் கயிறும் சேர்த்துத் தலைக்கு மேலே ஏறப் போவது மொத்தம் 40 கிலோ.

40 கிலோ ஒன்றுமில்லை என்று தோன்றும். மறுபடி களத்துக்குப் போய், மீன்களுக்கு ஈடாக மணல் பொட்டலங்களைக் கட்டி, கயிற்றின் முனையில் 300 கிலோ வரை காட்டும் தொங்கு தராசை மாட்டினோம். நீளவாக்கில் இரண்டு மெயின் கயிறு. ஒவ்வொன்றின் மேலும் 20 கிலோ பாரம். நீளம் 13 மீட்டர். அண்ணாச்சி பந்தல் பழக்கத்தில் கயிற்றை விறைப்பாக இழுத்து, நடுவில் ஓரடி தொய்வு மட்டும் விட்டார். தராசு 105 காட்டியது. நாலடி தொய்வு விட்டதும் 26-க்கு இறங்கியது. அதே வலை, அதே கயிறு. பாஸ்டன் கட்டிடங்களை ஒரு டன் வலை 100 டன்னாக இழுத்தது எப்படி என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தோம். அண்ணாச்சி தராசின் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷமா பந்தல் தொங்கக்கூடாதுன்னுல்லா திட்டு வாங்கியிருக்கேன்” என்றார்.

இது காற்று இல்லாத கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். பேனர் கட்டுகிறவனுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் இதைக் கட்டவே மாட்டேன் என்று அண்ணாச்சி முன்னாடியே சொல்லிவிட்டார். தையில் வாடைதான், அது அவ்வளவு முரடு இல்லை.

இனி எதில் கட்டுவது என்ற கேள்வி. முக்கால்வாசிப் பேர் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வளையம் அடித்துக் கட்டிவிடுவார்கள். நாங்கள் அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்ததோடு சரி. அது நாலரை அங்குலச் செங்கல் சுவர்; மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்புக்கு அப்படியே சாயும். சாய்ந்தால் ரோட்டில் விழும். மேற்குப் பக்கத்து இரண்டு வீட்டிலும் நல்ல வேளையாக, பின்னால் இன்னொரு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை வெட்டாமல் விட்டிருந்தார்கள். நம் ஊரில் எந்த மாடியைப் பார்த்தாலும் துருப்பிடித்து நிற்குமே, அந்தக் கம்பிதான். அந்தத் தூண் தலையில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் இறக்கி, அடித்தட்டு பற்ற வைத்த இரண்டங்குல இரும்புக் குழாயை நிறுத்தினோம். துருவைச் சுரண்டி, கம்பிகளோடும் சேர்த்துக் கட்டினோம்.

கிழக்குப் பக்கம் ஒரு வீடு கான்கிரீட். இன்னொன்று சுண்ணாம்புக் காரை வீடு. அதில் தொடக்கூட முடியாது. அதன் வாசலில் பெரிய வேம்பு நிற்கிறது. அடிமரத்தில் 27 அடி உயரத்தில், மூன்று கிளை பிரியும் கவட்டுக்குக் கீழே சாக்கு சுற்றி, அதன்மேல் அகல நாடா போட்டுக் கயிற்றைக் கட்டலாம். ஆணி கிடையாது. ஆனால் மரம் ஆடுமே? கயிற்றில் சாக்பீஸ் கோடு போட்டுக் காற்றடிக்கும் ஒரு சாயங்காலம் பார்த்தேன். கோடு ஒரு சாண் தூரம் போய்ப் போய் வந்தது. அசையாத தூணுக்கும் அசையும் மரத்துக்கும் நடுவில் கயிற்றை முடிந்து வைத்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் தராசு முள் எங்கெங்கோ போகும்.

இதற்கு வழி திருநெல்வேலி ஜங்ஷனில் கிடைத்தது. ரயில் மின்கம்பி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆனாலும் தொய்வு மாறாது. கம்பத்தின் ஓரத்தில் கப்பி வைத்து, வட்ட வட்டமான இரும்பு எடைகளை அடுக்கித் தொங்க விட்டிருப்பார்கள். கம்பி நீண்டால் எடை இறங்கும், சுருங்கினால் ஏறும். நாங்களும் மேற்குப் பக்கத்து இரண்டு குழாயிலும் கப்பி மாட்டி, கயிற்றை அதன்மேல் கொண்டுபோய், முனையில் 30 கிலோ மணல் மூட்டையைத் தொங்க விட்டோம். மூட்டை தொங்குவது மொட்டை மாடிக்கு உள்ளே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்; ரோட்டுப் பக்கம் அல்ல. கீழே பழைய டயர். பிள்ளைகள் தொடாமல் இருக்கச் சுற்றிலும் தட்டி. காற்று வலையை அழுத்தும்போது மூட்டை மெதுவாக மேலே வரும், காற்று விட்டதும் இறங்கும். முதல் நாள் அதையே பார்த்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். மூட்டை எவ்வளவு ஆடினாலும் கயிற்றில் இருந்த தராசு முப்பதை ஒட்டியே நின்றது. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த சாமான் அந்த மூட்டைதான். ரோட்டில் நின்று பார்த்த யாருக்கும் அது தெரியாது.

இன்னொரு காப்பும் வைத்தோம். வலையின் ஒவ்வொரு மூலையையும் மெயின் கயிற்றில் நேராகக் கட்டாமல், நடுவில் வலை பின்னும் பச்சை நூலை இரண்டு புரியாக வளையம் போட்டுக் கோத்தோம். அந்த வளையம் 70 கிலோவில் அறுந்துவிடும். மணலைக் கொட்டிக் கொட்டிச் சோதித்த அளவு. பெருங்காற்று வந்தால் சுவரும் மரமும் இழுபடுவதற்கு முன்னால் வளையம் போய்விட வேண்டும். பையன்கள் அதற்கு ‘ஃபியூஸ்’ என்று பேர் வைத்தார்கள். ஃபியூஸ் போனாலும் வலை கீழே விழாமல், தளர்வாகக் கட்டிய காப்புக் கயிறு பிடித்துக்கொள்ளும். அந்த மூலை இரண்டடி இறங்கும், அவ்வளவுதான். கயிறு 12 மி.மீ. பாலிபுரப்பிலீன். புதுக் கயிறு இரண்டு டன் தாங்கும். முடிச்சு விழுந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தேவைக்கு அதுவே தாராளம்.

மாநகராட்சி, போக்குவரத்துக் காவல், மின்வாரியம் மூன்றுக்கும் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினோம். மின்கம்பியிலிருந்து எந்தப் பக்கமும் பத்தடிக்குக் குறையாமல் தள்ளி இடம் பார்த்தோம். உயரத்தை லேசர் டேப்பில் அளந்தோம். கம்பையோ இரும்பு டேப்பையோ நீட்டி மின்கம்பி உயரத்தை அளக்கவே கூடாது.

ஏற்றியது பொங்கலுக்கு முந்திய ஞாயிறு விடியற்காலை. கிரேன் வாடகை கட்டுப்படியாகாது. உவரிப் பெரியவர் ஈயக்குண்டைத் தங்கூசியில் கட்டி, மேற்கு மாடியிலிருந்து கிழக்கு மாடிக்கு ஒரே வீச்சில் போட்டார். தங்கூசியில் சணலைக் கட்டி இழுத்து, சணலில் கயிற்றைக் கட்டி இழுத்து, கடைசியில் வலை போனது. தெரு விளக்கு வெளிச்சத்தில் வலையை ரோட்டில் படவிடாமல் பத்துப் பேர் தோளில் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பால்காரர் வருவதற்குள் மேலே ஏறிவிட்டது.

அன்றைக்குப் பகலில்தான் அடுத்த கூத்து. பதினொரு மணிக்கு நிழல் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் முக்கின் நடுவில் விழவில்லை. பன்னிரண்டடி வடக்கே, சாக்கடை மூடியிலும் ஒரு வீட்டுத் திண்ணையிலும் விழுந்தது. புரட்டாசியில் உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே. களத்தில் நிழல் நேர் கீழே இருந்தது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்து, நம் ஊரில் உச்சி வேளையிலும் 60 டிகிரிதான் ஏறுகிறது. 21 அடி உயரத்துக்கு நிழல் 12 அடி தள்ளிப் போகத்தான் செய்யும். தூண்களை நகர்த்த முடியாது. கடைசியில் மீன்களை நகர்த்தினோம்: வலையின் வடக்கு ஓரத்தில் இருந்தவற்றை அவிழ்த்துத் தெற்குப் பாதியில் நெருக்கமாகக் கட்டினோம். மறுநாள் பெரும்பாலான மீன்கள் ரோட்டுக்கு வந்துவிட்டன. திண்ணை வீட்டு ஆச்சி மட்டும் “எம் மீனை ஏன்வே எடுத்தீரு?” என்று சண்டைக்கு வந்தார். அவருக்காகச் சிலவற்றைத் திரும்பக் கட்டினோம். மாசி நெருங்க நெருங்க நிழல் தானாகவே மூன்றடி தெற்கே வந்தது.

நிழல் காலை பத்தரையிலிருந்து இரண்டு மணி வரைதான் நன்றாக இருக்கும். வெயில் சாய்ந்தால் நிழல் போகும் தூரம் கூடி, மீன் கலங்கிக் கரைந்துவிடும். ராத்திரிக்கு மாடியிலிருந்து ஒரு ஃபோகஸ் விளக்கு போட்டோம். எதிர்ச் சுவரில் ஆளுயர மீன்கள். இதில் வலையும் சேர்ந்து தெரிந்தது, விளக்கு சின்னதாக இருப்பதால். தூக்கம் கெடுகிறது என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டோம்.

ஓலை காயக் காய மீனின் எடை பாதிக்கும் கீழே போனது, 15 கிராம். பாரம் குறைந்ததும் மணல் மூட்டைகள் இறங்கி, வலை ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி வாடை கொஞ்சம் வேகமாக அடித்து, வேம்புப் பக்கத்து ஃபியூஸ் அறுந்தது. காலையில் பார்த்தால் ஒரு மூலை இரண்டடி தாழ்ந்து, காப்புக் கயிற்றில் அமைதியாகத் தொங்கியது. பத்து ரூபாய் நூலில் சரி செய்தாயிற்று. காக்கைகள் கொஞ்சம் மீனைப் பிய்த்தன. ஒருநாள் பருவம் தப்பிப் பெய்த மழையில் ஓலைகள் கறுப்பாகப் பூசணம் பிடித்தன. நிழலுக்குக் கெடுதல் இல்லை, நிமிர்ந்து பார்த்தால் அசிங்கம்.

செலவு: வலை 1,440. உவரியிலிருந்து லோடு ஆட்டோ 1,500. கயிறு 1,350. கப்பி 1,800. ஷேக்கிள், ஆங்கர் போல்ட், நாடா 1,600. இரும்புக் குழாய், வெல்டிங் 6,400. குருத்து 1,200. தராசு 1,100. அண்ணாச்சிக்கும் ஆட்களுக்கும் 6,000. அவர் கேட்டதை விட நாங்கள் கூட்டிக் கொடுத்தது. சாயத்தில் போன 800. டீ, ஜெராக்ஸ், பஸ் எல்லாம் சேர்த்து 24,500-க்குள் முடிந்தது. வலை, கயிறு, குழாய், கப்பி, தராசு அப்படியே இருப்பதால் அடுத்த முறை பத்தாயிரத்தில் முடியும்.

அடுத்த முறை சித்திரை விசுவுக்குத்தான். ஏப்ரல் இரண்டாம் வாரம் நம் ஊரில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. நிழல் நேர் கீழே விழும். ஆச்சியோடு சண்டை வராது. கச்சான் தொடங்கவும் இன்னும் நாள் இருக்கும். ஓலையைப் பச்சையாகக் கட்டாமல், ஏட்டுச் சுவடிக்குப் பாடம் பண்ணுவது போல மஞ்சள் போட்டு அவித்து நிழலில் உலர்த்திப் பின்ன வேண்டும். பூசணம் வராது, எடையும் முதலிலிருந்தே மாறாது. மீனை 16 செ.மீ. அகலமாக்கினால் நாலு மணி வரை நிழல் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. வலை நூலை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் கிடந்த நைலான் சீக்கிரம் இற்றுப்போகும். எகல்மன் போர்ச்சுகலில் போர்ட்டோவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் கட்டிய வலைக்கு டெஃப்லான் வகை நூல் போட்டதற்குக் காரணம் இதுதான். நமக்கு அது கட்டாது. ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன் பத்து இடத்தில் நூலை வெட்டித் தராசில் இழுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுவோம்.

யாராவது இதைச் செய்வதாக இருந்தால் வலை ஊசியை உவரி, இடிந்தகரைப் பக்கம் வலைச் சாமான் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், 20 ரூபாய்தான். மரத்தில் சீவியதைக் கேளுங்கள். பிளாஸ்டிக் ஊசியின் நாக்கு, தடித்த நூலைச் சுற்றியதும் உடைந்துவிடுகிறது. மதினி நாலு உடைத்தாள்.